பின்னாலேயே வந்த விளையாட்டுகள்

“உன் கேம் டிஸ்க்கை எல்லாம் அங்கேயே விட்டுட்டு வந்துட்டோமேன்னு எனக்குத்தான் மனசு கேக்கல,” என்றாள் லீயான்.

பழைய பொருள் கடையில் வாங்கிய கேம் கன்சோலை டிவியோடு இணைத்துக்கொண்டிருந்தாள் மகள் டிலி.

“நீ எந்தக் காலத்துல இருக்கேம்மா? பாதிக்கு மேல ஆன்லைன்ல வாங்கினதுதான். கணக்கைத் திறந்தா தானா இறங்கிடும். இதோ பாரு.”

பழைய விளையாட்டுகள் திரையில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பாதியில் விட்ட குதிரைப் பந்தயம்கூட விட்ட இடத்திலேயே நின்றது.

லீயானுக்குச் சிரிப்பு வந்தது. வெயில் ஊரான டவுன்ஸ்வில்லிலிருந்து கடல் தாண்டி, ஒரே ஒரு சூட்கேசோடு தெற்கே குளிர்த் தீவிலுள்ள பர்னிக்கு வந்தவர்கள் அவர்கள்.

“இவ்ளோ தூரம் பின்னாலேயே வந்துருச்சே.”

“அதான் சொல்றேன். யாரும் தூக்கிட்டு வரவே வேணாம்.”

“கணக்கு உன் பேர்லதானே இருக்கு?”

“அப்பா பேர்லம்மா. வாங்கினது அவர்தானே? புதுசா ஒரு எடத்துல திறந்தா, எந்த ஊருன்னு அவருக்கு மெயில் போகுமாம். அவ்ளோதான்.”

லீயானின் கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கணவன் முறித்த எலும்பு இன்னும் சரியாகச் சேரவில்லை. சிம்கார்டைக் கடலில் வீசியிருந்தாள். புது வேலையில் தன் பெயரை மாற்றியிருந்தாள். மகளிடம்கூட வேலை மாற்றம், அப்பா பிறகு வருவார் என்றுதான் சொல்லியிருந்தாள்.

ஒயரைப் பிடுங்க எழுந்தாள். அதற்குள் திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்தது. டிலி சந்தோஷமாக வாசித்தாள்:

“செல்லம், பர்னியில ரொம்பக் குளிரா? அப்பா கிளம்பிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு.”