பொரண்டு படு

“எங்க வூட்டுக்காரரு முப்பது வருஷம் என்னைத் தூங்கவே உடல டாக்டர். என் கொறட்டை தாங்கலன்னு விலாவுல குத்தி, ‘பொரண்டு படு நிர்மலா’ம்பாரு. நான் திட்டாத நாளில்ல” என்றாள் நிர்மலாதேவி.

“இப்ப?”

“போய்ச் சேந்து ஒரு வருஷம் ஆவுது. குத்த ஆளில்ல. ஆனா உப்பளம் ஸ்டாப்புல பஸ் ஏறுனா உக்காந்தபடியே தூங்கிடறேன்.”

டாக்டர் தூக்கப் பரிசோதனை அறிக்கையைக் காட்டினார்.

“மல்லாந்து படுத்தா உங்க தொண்டை அடைச்சு மூச்சே நின்னுடுதும்மா. பொரண்டு படுத்தா மூச்சு வந்துடுது. இனிமே இந்த மாஸ்க் காத்து அனுப்பித் தொண்டையைத் தொறந்து வைக்கும்.”

நிர்மலாதேவி விலாவைத் தடவிக்கொண்டாள்.

மாஸ்க்கைப் பொருத்திப் பார்க்க, படுக்கச் சொன்னார்கள். கட்டிலில் இன்னொருவருக்கு இடம் விட்டு, ஒருக்களித்துப் படுத்தாள்.

“பொரண்டு படுத்துட்டேங்க” என்று மாஸ்க்குக்குள் முணுமுணுத்தாள்.