ஒரு கரண்டி சர்க்கரை

"மறுபடியும் சர்க்கரையா? இது மீனா, மிட்டாயா?" என்று செலிக் கத்தினார்.

அவர் மனைவி மல்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு முதுகைக் காட்டியபடியே அலமாரியிலிருந்து நீல டப்பாவை எடுத்தாள். கரண்டியை அதற்குள் விட்டு, மீன் சட்டியில் கவிழ்த்துக் கிளறினாள்.

"எங்க லூப்ளின் ஊர்ல யூத வீட்டு மீன்னா இப்படித்தான். மிளகைக் கொட்டிக் கொட்டி நாக்கைக் கருக்கிக்கிட்ட உங்க கோவ்னோ ஊர்க்காரங்களுக்கு என்ன தெரியும்?"

"இதைத் தின்னுட்டு நான் செத்தா, மேல எங்கப்பா என்னைப் பக்கத்துலயே சேர்க்க மாட்டார்."

"அப்ப தின்னாதீங்க."

அவர் இரண்டு துண்டு தின்றார். "தித்திப்பு தாங்கல" என்று சொல்லி, மூன்றாவதுக்குத் தட்டை நீட்டினார்.

"நம்ம பொண்ணு ஃப்ரூமா கல்யாண விருந்துலயும் என் மீன்தான். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் மல்கா.

அது வெள்ளிக்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஊரைவிட்டுத் தப்பி வந்து நாங்கள் ஒதுங்கியிருந்த ஷாங்காய் சந்துகளின் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. மார்க்கெட்டுக்குப் போயிருந்த மல்கா திரும்பவே இல்லை. வீட்டில் ஜன்னல்கள் மட்டும்தான் நொறுங்கின. நீல டப்பா அலமாரியில் வைத்த இடத்திலேயே இருந்தது.

செலிக் அதைத் தொட யாரையும் விடவில்லை. "அவ மிச்சம் வெச்ச சர்க்கரை" என்றார். தானும் திறக்கவில்லை.

போர் முடிந்தது. குளிர் தொடங்கியபோது ஃப்ரூமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் வியன்னாக்காரர்கள், அதே கட்டடத்தில் கீழ்த்தளம். கல்யாணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"மீனை நான் பார்த்துக்கறேன் சம்பந்தி" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா ஹெர்த்தா. "பாவம், தாயில்லாத பொண்ணு. நாங்க ஒண்ணும் குறையா நினைக்க மாட்டோம்."

செலிக்குக்குச் சுருக்கென்றது. "மீன் மல்காவோடது. நான் சமைக்கிறேன்."

"நீங்களா? உங்களை வெந்நீர் வைக்கச் சொன்னா அதுவும் அடிப்பிடிக்கும்னு மல்கா சொல்லியிருக்காளே!"

"அவ சொன்னதுல பாதி பொய்."

"மீதிப் பாதி போதுமே! சரி, ஃப்ரூமா வாயில போட்டுப் பார்க்கட்டும். இது அம்மா மீன்னு அவ சொன்னா, மேசையில உங்க சட்டி. இல்லேன்னா என் சட்டி. பொழுது சாய்ஞ்சா அடுப்பை அணைச்சாகணும், ஞாபகம் வெச்சுக்குங்க. நம்ம ஓய்வு நாளான சனிக்கிழமை பொறந்துட்டா அப்புறம் யாரும் கிளற முடியாது."

வெள்ளிக்கிழமை காலையிலேயே செலிக் கரி அடுப்பை விசிற ஆரம்பித்தார். குண்டு போட்ட அமெரிக்கர்களே இப்போது சர்க்கரையும் கொடுத்திருந்தார்கள். பொட்டலத்திலிருந்து ஒரு கரண்டி அள்ளிப் போட்டார்.

ஃப்ரூமா ருசி பார்த்தாள். "இல்லப்பா."

"சர்க்கரை பத்தலையா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள்.

இரண்டாவது சட்டியில் சர்க்கரையைக் கூட்டினார். "இன்னும் தூரப் போயிடுச்சுப்பா."

மூன்றாவது கெண்டை வாங்கப் போனபோது மீன்காரி ஷென் விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்யாணம் பொண்ணுக்கா, பூனைக்கா?"

மூன்றாவது சட்டி கொதித்தது. காரட், வதக்கிய வெங்காயம், மீன் எல்லாம் அப்படியே மல்காவின் கணக்கு. செலிக் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது.

வாசலில் ஹெர்த்தா வந்து நின்றாள். இந்த முறை கேலி இல்லை. "விடுங்க சம்பந்தி. என் சட்டி தயாரா இருக்கு."

ஃப்ரூமா அலமாரியிலிருந்து நீல டப்பாவை எடுத்தாள்.

"அதைத் தொடாதே!"

"என் கல்யாணத்துக்கு எடுக்காம வேற எதுக்குப்பா?"

செலிக் வெயிலைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "ஒரே ஒரு கரண்டி" என்றார்.

அவள் அம்மாவைப் போலவே முதுகைக் காட்டி நின்றாள். கரண்டி டப்பாவுக்குள் போனது, சட்டியில் கவிழ்ந்தது, கிளறியது.

செலிக் ஒரு விள்ளல் வாயில் போட்டார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"அடிப்பாவி மல்கா! இதேதான்! அதே தித்திப்பு, தாங்கல!"

ஃப்ரூமாவும் தின்றாள். "அம்மா மீன்" என்றாள்.

ஹெர்த்தா ஒரு துண்டு தின்றாள். மென்றாள். மறுபடி எடுத்துக்கொண்டாள். "என்னோடது நாளைக்கு மத்தியானத்துக்கு இருக்கட்டும்" என்றாள்.

மெழுகுவத்திகள் எரிய, மேசை நடுவே மல்காவின் சட்டி உட்கார்ந்திருந்தது. வியன்னாக்காரர்கள் அடியில் இருந்த குழம்பை ரொட்டியால் வழித்தார்கள்.

"எவ்வளவு சர்க்கரை சம்பந்தி? எனக்காவது சொல்லுங்க" என்று ஹெர்த்தா கெஞ்சினாள்.

"ஒரு கரண்டி!" போரில் ஜெயித்த தளபதி மாதிரி செலிக் எழுந்தார். "கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு. அதுவும் இந்த டப்பா சர்க்கரைதான். இருங்க, காட்டறேன்."

டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளங்கையில் கவிழ்த்தார். தட்டினார். கொஞ்சம் துரு உதிர்ந்தது.

ஃப்ரூமா அவர் காதோரம் குனிந்தாள். "இந்தச் சந்துக்கு வந்த நாள்லேர்ந்தே அது காலிதாம்பா. சர்க்கரை தீர்ந்துபோச்சுன்னு தெரிஞ்சா நீங்க சண்டை போடறதையே விட்டுடுவீங்கன்னு அம்மாவுக்குப் பயம்."

செலிக் மூடியை அழுத்தி மூடினார், டப்பாவை அதன் இடத்திலேயே வைத்தார், தட்டை நீட்டினார்.

"இன்னொரு துண்டு போடு" என்றார். "தித்திப்புதான் தாங்கல."