பாசக்கையில் ஒரு மன்னிப்பு

முதலாளி மா கியோங்சிக் இடுப்பை மடித்துக் குனிந்து நின்றார். புகைப்படக்காரர்கள் போதும் என்று சொல்லும்வரை நிமிரமாட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தக் சங்கூன். எங்கள் கிம்ச்சி ஊறுகாய்த் தொழிற்சாலையில் முட்டைக்கோஸ் வெட்டும் இயந்திரம் அவருடைய வலது கை விரல்களை எடுத்துவிட்டது. அதன் பாதுகாப்பு மூடி உடைந்து மாதக்கணக்காகியும் முதலாளி மாற்றவில்லை.

முதலாளி தன் கைப்பட எழுதி மன்னிப்புக் கேட்டால்தான் உள்ளே வருவோம் என்று தொழிலாளர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் நாட்டில் அச்சடித்த மன்னிப்புக்கு மரியாதை கிடையாது. நடிகனானாலும் அமைச்சரானாலும் பேனாவைப் பிடித்தாக வேண்டும்.

"எனக்கு மணிக்கட்டு வலிக்குதும்மா. கையால எழுதுன மாதிரி கம்ப்யூட்டர்லயே ஒண்ணு போட்டுடு. எவன் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப்போறான்?" என்றார் முதலாளி நேற்று என்னிடம்.

கோல்ஃப் மட்டையைப் பிடிக்கும்போது வராத வலி.

நான் விளம்பரப் பிரிவு. கையெழுத்துப் போலிருக்கும் எழுத்துருக்களை வரிசையாகக் காட்டினேன். அவர் விரல் நீட்டியது 'பாசக்கை'யை. நான் வேலைக்குச் சேரும் முன்பே எங்கள் கம்பெனி செய்து ஊருக்கெல்லாம் இலவசமாக விட்டது அது.

அந்த எழுத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி வால். வரி முடியுமிடத்தில் ஒரு துள்ளல். கிம்ச்சிப் பொட்டலத்தில் 'அம்மா கைப்பக்குவம்' என்று கொஞ்சும். லிஃப்டுக்குள் 'நாயைத் தூக்கிக்கொள்ளுங்களேன்' என்று சிணுங்கும். வட்டிக்கடை வாசலில் 'கவலையை விடுங்கள்' என்று பல்லிளிக்கும். வெட்கம் கெட்ட எழுத்து. யார் கூப்பிட்டாலும் போகும்.

எல்லா வாலும் ஒரே மாதிரி இருக்கும், கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். மையை நீலமாக்கச் சொன்னார். பிறகு அச்சான தாளில் ஈர விரலால் ஓரிடத்தைத் தேய்த்தார். கண்ணீராம்.

தக் அண்ணன் இடது கையால் காகிதத்தை வாங்கினார். அவர் தலையாட்டிவிட்டால் போதும், முதலாளி தப்பித்தார். நாளைக்கே தொழிற்சாலை ஓடும்.

அவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். கோபம் எதுவும் வரவில்லை. ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தவரைத் தெருவில் பார்த்தவர்போலக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்த அவர் மனைவி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"முதலாளி, ஊழியர்கள்ல யார் கையெழுத்து அழகுன்னு ஒரு போட்டி வச்சீங்களே, ஞாபகம் இருக்கா? எனக்கு டின் மீன் பெட்டி ஒண்ணு குடுத்து, என் எழுத்த எடுத்துப் பாசக்கைன்னு ஆக்கிட்டீங்க" என்றார் தக் அண்ணன்.

எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகிப்போனது. கேமராக்கள் ஓய்ந்துவிட்டன. முதலாளி மட்டும் இன்னும் குனிந்தே இருந்தார்.

தக் அண்ணன் கட்டுப்போட்ட கையைக் காகிதத்தின் மேல் வைத்தார்.

"மன்னிப்பையும் என்னையே எழுத வச்சிட்டீங்களே."