பத்துக் கோழிக்கு இடம்

"நாலு கோழி போதும் அத்தை. இருக்கிற இடம் அவ்வளவுதான்," என்றான் தேசோப். கையிலிருந்த கயிற்றை இழுத்து வேலியோரம் நட்டிருந்த முளையில் கட்டினான்.

"பத்து. அதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன் மாப்பிள்ளை," என்றாள் போகிம்.

வேலிக்கு இந்தப் பக்கம் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த ஹேசுக் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய சமையலறை ஜன்னல் அந்த மூலையைப் பார்த்துத்தான் இருந்தது. சியோல் நகரத்து இரைச்சலே வேண்டாமென்று இந்த மலையடிவாரத்தில் வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூடு எழும்பிய பிறகு பேசினால் பகை, முளை அடிக்கும்போதே பேசினால் வெறும் பேச்சு. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"என்னக்கா, கோழிப்பண்ணையே வைக்கப்போறீங்க போலிருக்கு?"

"வா ஹேசுக். நீயே நியாயத்தைக் கேளு. கூடு பெருசாத்தானே கட்டப்போறோம்? பத்து கோழி தாராளமா ஒண்டும்."

"ராத்திரி ஒண்டிக்கும் அத்தை," என்றான் தேசோப். "பகல்ல மேய வேணாமா? ஒரு கோழிக்கு ஒரு பாய் விரிக்கிற இடமாவது விடணும். நெருக்கி அடைச்சா ஒண்ணோட வாலை ஒண்ணு கொத்தித் தின்னுடும். இங்க நாலு பாய்க்கு மேல விரிக்க முடியாது."

போகிமின் பார்வை வேலியைத் தாண்டிப் போனது. அங்கே ஹேசுக்கின் இலந்தை மரம். அதைச் சுற்றி ஆறேழு பாய் விரிக்கிற அளவுக்குப் புல் மண்டிக் கிடந்தது. கிழவியின் கணக்கு ஹேசுக்குக்குப் புரிந்துவிட்டது. தலையே போனாலும் அந்த இடத்தைக் கொடுப்பதில்லை என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, சாப்பாடு ஆறுது," என்று உள்ளேயிருந்து தேசோப்பின் மனைவி யூரிமின் குரல் வந்தது.

"நீயும் வந்து உக்காரு ஹேசுக். வந்தவ வெறும் வயித்தோட போகக் கூடாது."

சட்டியைத் திறந்ததும் பூண்டும் இலந்தையும் போட்டு வெந்த முழுக்கோழி மணத்தது. போன குளிர்காலத்தில் மரநாய் புகுந்து எல்லாவற்றையும் தூக்கிப்போன பிறகு மிஞ்சியிருந்த ஒரே முட்டைக்கோழி அது. மாப்பிள்ளை படியேறினால் முட்டையிடுகிற கோழிக்கும் ஆயுசு முடிந்தது என்பது ஊர் வழக்கம்தான். ஆனாலும் இருந்த ஒன்றையுமா அடிப்பார்கள்?

போகிம் ஒரு காலைப் பிய்த்து மாப்பிள்ளையின் கிண்ணத்தில் வைத்தாள். இன்னொரு காலை ஹேசுக்குக்கு வைத்தாள். யூரிமின் முன்னால் அவித்த முட்டையும் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயும்தான் இருந்தன.

"அவளுக்கு?" என்றாள் ஹேசுக்.

"அவளுக்குக் கிடையாது."

மருமகனுக்குக் கால், பெற்ற மகளுக்கு முட்டையா? நல்ல தாய்தான் என்று ஹேசுக் நினைத்துக்கொண்டாள். இந்தப் பெண்ணும் காலையில் வந்ததும் வராததுமாக அரிவாளும் அரிசி மதுவுமாகக் குன்றுக்குப் போய்ச் சமாதி மேட்டில் புல் வெட்டி, வியர்த்து விறுவிறுத்து வந்தவள்தான். மாமனார் சமாதிக்குப் புல் வெட்ட வரும் மாப்பிள்ளை இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறான்? அந்த வகையில் கிழவி கொடுத்துவைத்தவள்.

"ஒரு வாய் குடுங்கம்மா, ஆசையா இருக்கு," என்று யூரிம் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

போகிம் அவள் கையில் கரண்டியால் தட்டினாள். "நீ கோழி தின்னு, வயித்துல இருக்கிறதுக்குக் கோழித்தோல் மாதிரி சொரசொரன்னு தோல் வந்தா நீ பதில் சொல்வியாடி? பெத்துட்டு வா, ஒரு முழுக்கோழிய ஒத்தையா தின்னு."

ஹேசுக்கின் கையிலிருந்த கோழிக்கால் அப்படியே நின்றது. "மாசமா இருக்காளா?"

"வசந்தத்துல பிரசவம். இங்கதான் வந்து இருக்கப்போறா. பிள்ளை பெத்த உடம்பு தேற வாரத்துக்கு ரெண்டு கோழியாவது வேணாமா? முட்டைக்குத் தனியா வேணாமா? நாலு கோழிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" போகிம் சட்டியை மூடினாள். "ஒண்ணும் செய்யலன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

ஹேசுக் காலைக் கடித்தாள். நன்றாக வெந்திருந்தது. இதைத் தின்றுவிட்டு எப்படி முடியாது என்பது?

"வேலியைப் பிரிச்சு இலந்தை மரம் வரைக்கும் தள்ளிப் போட்டுக்கங்க. மரநாய் தோண்டாதபடி வலையை மண்ணுக்குள்ள இறக்கணும். சேவல் மட்டும் வேணாங்க்கா, நான் நிம்மதியாத் தூங்கணும்."

போகிம் ஹேசுக்கின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தேசோப் எழுந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான். கொஞ்சம் புல்தரைக்கு இவ்வளவு நன்றியா என்று ஹேசுக்குக்குக் கூச்சமாகிவிட்டது.

குழாயடியில் யூரிம் கிண்ணம் கழுவ, ஹேசுக் பக்கத்தில் வந்து நின்றாள்.

"முட்டை வச்சதுக்கு உங்கம்மாவை மனசுல திட்டிட்டேன். மன்னிச்சுக்கம்மா. முகம்தான் அவங்க ஜாடையே இல்ல, அப்பா ஜாடையோ?"

யூரிம் சிரித்தாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

"அவங்க பெத்த பொண்ணு குன்றுல தூங்குறாங்க. காலையில அவங்க சமாதிக்குத்தான் புல் வெட்டினோம். நான் அவருக்கு ரெண்டாவதா வாழ்க்கைப்பட்டவ, விடுதியில வளர்ந்த அநாதை. பிரசவத்துக்குப் போக உனக்கு ஒரு தாய்வீடு வேணாமாடின்னு அம்மாதான் வந்து கூப்பிட்டாங்க."