எஸ் குடும்மா

திரையில் பசுமையான மனைகளின் படத்துக்கு நடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து உட்கார்ந்தது.

இந்தக் கோப்பு உங்கள் கணினிக்குத் தீங்கு விளைவிக்கலாம், நம்பகமான இடத்திலிருந்து வந்ததுதானா, தொடரவா என்று அது ஆங்கிலத்தில் கேட்டது.

கீழே எஸ், நோ என்று இரண்டே பொத்தான்கள்.

கூடுவாஞ்சேரியில் மனை வாங்கும் ஆசையோடு தாம்பரம் கல்யாண மண்டபத்துக்கு வந்திருந்த குடும்பங்கள் அண்ணாந்து பார்த்தன. பாதிப் பேர் கையில் போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், மனை காட்டுறேன்னு கூட்டியாந்து வைரஸ் காட்டிகினு கீற?" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். மண்டபம் சிரித்தது.

மேடையில் நின்ற விற்பனை மேலாளர் ஹரிபிரசாத்தும் கூடவே சிரித்தான். மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஜாஸ்மினைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"எஸ் குடும்மா."

இந்தப் பெட்டி எப்போது வந்தாலும் இதைத்தான் சொல்வான். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் ஒருநாளும் படித்ததில்லை. ஆனால் வாங்க வருகிறவர்கள் முன்னால் அது வந்து நின்றால் கம்பெனி மானம் போகிறதாம். அதற்காக ஜாஸ்மின் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறாள். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் தொடங்கும் முன்பே அந்த எச்சரிக்கை எழாதபடி செய்துவைத்துவிடுவாள்.

இன்று செய்யவில்லை.

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

ஜாஸ்மின் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

ஹரிபிரசாத் திரையின் பக்கம் திரும்பினான். கேள்விக்கு மேலே, திறக்கப்போகும் கோப்பின் பெயர் இருந்தது.

வேன் முன்பக்கக் கேமரா.

சிரிப்பு அவன் முகத்திலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது.

கோடையில் கம்பெனி வேன் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பூக்காரப் பெண்ணை அடித்துப் போட்டது. குடித்துவிட்டு ஓட்டியது ஹரிபிரசாத். நீ ஓட்டியதாகச் சொல், மறுநாளே வெளியே எடுக்கிறேன் என்று பக்கத்தில் இருந்த டிரைவர் ஜோஷ்வாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பையன் நம்பிச் சிறைக்குப் போனான். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். ஹரிபிரசாத் சிறைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜோஷ்வா ஜாஸ்மினின் தம்பி.

வேனின் முன்கண்ணாடியில் கேமரா ஒட்டி வைத்திருந்தேன், பேச்சும் பதிவாகும், அதைக் கேட்டால் யார் ஓட்டியது என்று தெரியும் என்று அவன் பிறகு சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வேனில் கேமராவே கிடையாது என்று ஹரிபிரசாத் போலீஸில் சொல்லியிருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை தீர்ப்பு.

ஹரிபிரசாத் மேடையிலிருந்து இறங்கி வந்தான். மேசைமேல் கை ஊன்றி, அவள் காதருகே குனிந்தான். வியர்வை நாற்றம் சென்ட்டையும் மீறி வந்தது.

"அத நான் அன்னிக்கே கழட்டி அடையாத்துல போட்டுட்டேனே. உன் கைக்கு எப்பிடிடி வந்துச்சு?"

அவன் சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக் அந்தக் கிசுகிசுப்பை மண்டபத்தின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனது.

யாரும் சிரிக்கவில்லை. உயர்த்திய போன்கள் அப்படியே நின்றன.

முதல் வரிசையில் கம்பெனி முதலாளி சூர்யநாராயணன் மெல்ல எழுந்தார். வேனில் இல்லவே இல்லை என்று போலீஸில் சொன்ன கேமராவை எப்படியப்பா கழற்றினாய் என்று கேட்டார். ஹரிபிரசாத்தின் விரல்கள் காலரைத் தடவின, மைக் அகப்படவில்லை.

ஜாஸ்மின் அவசரப்படவில்லை. அவன் கழுத்தில் நரம்பு துடிப்பதை ஆசை தீரப் பார்த்தாள். தாகத்தில் தண்ணீர் குடிப்பது போலிருந்தது.

"சார், எஸ் குடுக்கட்டுமா?" என்றாள்.

அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். குடும்மா என்றார் முதலாளி.

அவள் அழுத்தினாள்.

நாதஸ்வரம் முழங்கியது. ட்ரோன் மேலேயிருந்து எடுத்த நீல நிற நுழைவாயில், தார் காயாத சாலைகள், வரிசையாகத் தென்னங்கன்றுகள். ஞாயிறுதோறும் ஓடும் அதே விளம்பர வீடியோ.

அதன் பெயரை மட்டும் அவள் காலையில் மாற்றியிருந்தாள்.