இனி வர வேண்டாம்

பஸ்ஸை விட்டு இறங்கிய பொன்செல்வி திகைத்து நின்றாள்.

கிளினிக்குக்கு எதிரே, டீக்கடை நிழலை விட்டுத் தள்ளி உச்சி வெயிலில் நின்று, சுடலைவடிவு பெரிம்மா ஆவி பறக்கும் சுக்குக் காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

'ரோசேசியா' என்று தங்கள் முகச் சிவப்புக்குப் பெயர் இருப்பதை, அதுவரை முன்பின் தெரியாத இருவரும் இதே கிளினிக்கில் ஒரே நாளில்தான் தெரிந்துகொண்டார்கள். வெயில், சூடு, காரம் மூன்றும் ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

'இதெல்லாம் செஞ்சிட்டு, மருந்து கேக்கலன்னு குறை வேற!'

எரிச்சலோடு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் பெரிம்மா, கன்னமும் மூக்கும் செக்கச்செவேலென்று, அவளை ஒட்டி வந்து அமர்ந்தாள்.

"ஏட்டி, உனக்கு இப்ப எந்த ட்யூப்பு?"

"அதே மெட்ரோனிடசோல் ஜெல்தான் பெரிம்மா. பையத்தான் கேக்குது. ஆனா எரியாது."

"எனக்கு அது கேக்கவே இல்ல. அப்புறம் அசெலிக்னு ஒண்ணு தந்தாவ. மொளகாப்பொடிய அப்புன மாதிரி காந்திட்டு. இப்ப ஐவர்மெக்டின். ராத்திரி ஒருக்கா தடவினா போதும். அது நல்லா..." சட்டென்று பேச்சை மாற்றினாள். "உங்க ஆபீஸ்ல இப்பவும் அப்படித்தானா?"

"ஆமா. ஒட்டிக்கிடும்னு டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வேற மேசைக்குப் போயிருதாவ."

"எங்க தெருவுல அம்மைன்னுல்லா நெனச்சாளுவ! மூணு தண்ணி ஊத்துனா சரியாயிரும், பெறவு வருவோம்னு இருந்தாளுவ. முப்பது தண்ணி ஊத்தியாச்சு. ஒருத்தியும் படியேறல." பெரிம்மா சிரித்தாள். "இங்கனதான் இடிச்சுக்கிட்டு உக்காந்து பேச ஆளிருக்கு."

பெரிம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரின் குரல் வெளியே கேட்டது.

"மூணு மருந்து மாத்தியாச்சே! வெயில்ல நிக்கிறீங்களா?"

"ஐயோ, இல்ல டாக்டர்."

பொன்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, அடுத்த மாசம் வாங்க."

பெரிம்மா மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தாள்.

அடுத்து பொன்செல்வி. டாக்டர் அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாக் கொறஞ்சிட்டு. ஜெல்லை மட்டும் விட்டுராத. இனி வர வேண்டாம்."

வாசலில் காத்திருந்து தோளில் கைபோட்ட பெரிம்மாவிடம் சொன்னாள். பெரிம்மாவின் கை மெல்ல நழுவியது.

"நல்லதுட்டி. நல்லாயிரு."

மறுநாள் தெளிந்த முகத்தோடு ஆபீஸ் போனாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. யாரும் எழுந்தும் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். பிறகு அவள் காத்திருக்கவில்லை.

அடுத்த மாதம், பெரிம்மாவுக்கு டாக்டர் சொன்ன நாளில், ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

எதிர்க்கடையில் பெரிம்மாவும் அப்போதுதான் வந்து காப்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் வெயிலில் இறங்கவில்லை. அந்த முகத்தில் சிவப்பின் சுவடே இல்லை.

பொன்செல்வியைக் கண்டதும் பெரிம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீ ஏம்ட்டி வந்தே? உனக்குத்தான் சரியாப் போச்சே!"

பொன்செல்வி பெரிம்மாவின் கையைப் பிடித்து, நிழலை விட்டு வெயிலுக்கு நடத்திவந்தாள். கடைக்காரரைப் பார்த்துத் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இன்னொரு சுக்குக் காப்பி. நல்ல சூடா."