குரல் உடைகிற இடம்

மனைவி இறந்த வருடம் கிளமென்ட் தன் இசைக்குழுவோடு வெளியிட்ட கோதிக் ராக் ஆல்பம் முழுக்க இருட்டுதான்: மழை, தேவாலய ஆர்கன், அடிக்குரலில் ஒப்பாரி. கேட்டு அழுததாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஒருநாள் ஒத்திகைக்கூடத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண் மட்டும், "மூணு வயசாச்சுங்க, பாப்பா சிரிச்சதே இல்ல. உங்க பாட்டுக்குத்தான் சிரிக்கிறா," என்றாள். அவன் நம்பாமல் கிடாரை எடுத்து, மனைவியின் கடைசி மூச்சைப் பற்றிய பாட்டைப் பாடினான். குரல் உடைந்த இடத்தில் குழந்தை கலகலவென்று சிரித்தது. தனக்கு வந்தது கோபமா ஆறுதலா என்று அவனுக்கே விளங்கவில்லை; பாட்டை நிறுத்தினான். "நிறுத்தாதீங்கண்ணா," என்றாள் தாய். அதே வரியை மறுபடி பாடினான். இந்த முறை குரல் உடையவில்லை. குழந்தை சிரிக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.